ஏனக்காவின் காரணக் கட்டம்

"இந்த மூலையை ஏன் வளைச்சிருக்கீங்க?"

நாற்காலிக்குப் பின்னால் ஏனக்கா வந்து நின்றதை வரைவாளர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போயிருப்பார். இனி தப்பிக்க வழியில்லை.

"அழகுக்கு" என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அழகுன்னு என் கட்டத்துல எழுத முடியாதே. நிஜக் காரணம் சொல்லுங்க."

"கூரா விட்டா அங்கதான் முதல்ல விரிசல் விடும். போதுமா?"

"எவ்வளவு வளைக்கணும்?"

"தகட்டோட தடிமன் அளவுக்கு."

"ஏன், அதைவிடக் கொஞ்சம் கம்மியா இருந்தா?"

வரைவாளர் சுட்டெலியை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார். "அக்கா, நான் மத்தியானம் சாப்பிடணும். சாயங்காலம் வீட்டுக்கும் போகணும்."

ஏனக்கா சிரிக்கவில்லை. சிறிய நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருந்தவர் அதற்குள் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, எதிர்முனையில் யாருமே இல்லாமல் தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. வடிவமைப்புப் பிரிவில் அவர் ஏனக்கா. 'ஏன்' என்று கேட்கிற அக்கா. பட்டப்பெயர் வைத்தவர் யார் என்று கேட்டால் அங்கிருக்கும் எட்டுப் பேரும் எட்டுப் பேரைக் கைகாட்டுவார்கள். நாற்பத்தாறு வயது, குட்டையான உருவம், காலில் சத்தமே வராத ரப்பர் செருப்பு. அந்தச் செருப்பின் மேல்தான் எல்லோருக்கும் கோபம். வருவது தெரிந்தால் ஓடி ஒளியலாம் இல்லையா?

நிறுவனம் செய்வது சரக்கு ஏற்றும் மேடை. கிடங்குகளில் பார்த்திருப்பீர்கள்: கத்தரிக்கோல் போலக் குறுக்கும் நெடுக்குமாக மடிந்திருக்கும் இரும்புக் கால்கள் விரிய விரிய, மேலே உள்ள மேடை லாரியின் உயரத்துக்கு எழும்பும். முன்பு ஒவ்வொரு மேடையையும் ஒருவர் உட்கார்ந்து வாரக்கணக்கில் வரைந்தார். இப்போது எத்தனை டன், எவ்வளவு உயரம் என்று இரண்டு எண்களைக் கொடுத்தால் கணினியே முழுப் படத்தையும் வரைந்து தந்துவிடும். தகடு எவ்வளவு தடிமன், எந்த இடத்தில் எத்தனை போல்ட், எந்த மூலை வளைய வேண்டும் என்பதெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்? ஏனக்கா சொல்லி வைத்திருக்கிறார். பத்து வருடங்களாக ஒவ்வொருவர் வாயையும் பிடுங்கி, அவர்கள் கைப்பழக்கமாகச் செய்வதையெல்லாம் விதிகளாக்கி உள்ளே ஏற்றியிருக்கிறார். ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் விதிகள்.

ஒவ்வொரு விதிக்கும் திரையில் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் விதி. இரண்டாவதில் காரணம். மூன்றாவதில் சொன்னவர் பெயர். விதியை மட்டும் எழுதினால் போதாதா என்று மேனேஜர் ஆரம்பத்தில் கேட்டார். "காரணம் தெரியாத விதியை யாராவது ஒருநாள் தூக்கிடுவாங்க சார். தூக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு அன்னைக்கு ஆள் இருக்காது" என்றார் ஏனக்கா. மேனேஜருக்கு அந்தப் பதில் பிடித்துப்போய், இரண்டு மூன்று கூட்டங்களில் தன்னுடையது போலவே எடுத்து விட்டார்.

காரணக் கட்டத்தில் சொந்த வாக்கியமாக எழுதலாம். எழுதினால் மூன்றாவது கட்டத்தில் ஒரு பெயர் வேண்டும். பெயர் இல்லாவிட்டால் கட்டம் சிவப்பாகும், சேமிக்க விடாது. எழுதச் சோம்பலாக இருந்தால் தயாராக உள்ள மூன்று சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: கணக்கு, தரநிலை, அனுபவம். இவற்றுக்குப் பெயர் தேவையில்லை. இந்த ஏற்பாட்டைச் செய்தவரும் ஏனக்காதான். யாரும் பொறுப்பில்லாமல் கதை விடக்கூடாது என்பதற்காகச் செய்தார்.

வீட்டிலும் இதே பாடுதான். அவர் கணவர் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். இருபத்திரண்டு வருடங்களாக விசில் ஊதி வாழ்கிறவர். துண்டை ஏன் கதவின் மேல் போடுகிறார், சாவியை ஏன் சட்டைப்பையிலேயே விட்டுத் துவைக்கப் போடுகிறார் என்று ஒரு நாளைக்குப் பத்துக் கேள்விக்குக் குறையாமல் வாங்கிக் கட்டிக்கொள்வார். "நான் விசில் அடிச்சா எரநூறு பேர் ஓடுறாங்க. ஒருத்தனாவது ஏன்னு கேக்கறானா? கேட்டா எவன் ஓடுவான்?" என்பது அவருடைய நிரந்தரப் புலம்பல். ஆனால் கேள்வி வராத நாளில் அவருக்கே கை ஓடாது. உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

வடிவமைப்புப் பிரிவுக்காரர்கள் கேள்விக்குப் பயந்து ஒளிந்தார்கள். ஏனக்காவைத் தேடிக்கொண்டு வந்து பேசியவன் ஒருவன்தான். சர்வீஸ் மெக்கானிக். எந்தக் கிடங்கில் எந்த மேடை நின்றுபோனாலும் கருவிப்பெட்டியோடு போய்ச் சேர்பவன். அவன் பட்டப்பெயர் ரேடியோ. மேடையைத் தூக்கி நிறுத்தி, முட்டுக் கொடுத்து, அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்யும்போது ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பான். வெளியே நிற்கிறவர்கள் கேட்கிறார்களா இல்லையா என்பதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. மாமனார், அரசியல், முதுகுவலி எல்லாம் வரும்.

கிரீஸ் கையோடு வடிவமைப்புப் பிரிவுக்குள் வந்தால் நாற்காலியில் உட்கார மாட்டான். துணி உறை அழுக்காகிவிடும் என்று நின்றுகொண்டே பேசுவான். ஏனக்கா பழைய செய்தித்தாளை விரித்து, "உக்காரு தம்பி" என்பார். அப்புறம்தான் உட்காருவான்.

ஏழு வருடங்களுக்கு முன் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் அந்தப் போல்ட்டைப் பற்றிக் கேட்டார். மேடை இறங்கிவிடாமல் அடியில் கொடுக்கிற இரும்பு முட்டு ஒரு போல்ட்டில் தொங்குகிறது. எல்லாப் பழைய படங்களிலும் அது இருபத்துநான்கு மில்லிமீட்டர். கணக்குப்படி பதினாறு தாராளம். ஏன் இருபத்துநான்கு என்று எட்டுப் பேரைக் கேட்டுவிட்டார். எட்டுப் பேரும் தலையைச் சொறிந்தார்கள்.

ரேடியோ சொறியவில்லை. "இது தெரியாதா அக்கா? புத்தகத்துல ரெண்டு முட்டு போடணும்னு போட்டிருக்கு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ஆனா மேடையை எங்க வெப்பாங்க? மூலையில. அந்தப் பக்கம் சுவர் இருக்கும். அங்க போய் எப்படி முட்டு குடுக்கறது? பல்லியா நானு? ஒண்ணுதான் போடுவோம். எல்லாரும் அப்படித்தான். எனக்கு முன்னாடி இருந்தவங்களும் அப்படித்தான். ஒண்ணே மொத்தத்தையும் தாங்கணும்ல, அதான் போல்ட்டைத் தடியா வெச்சிருக்காங்க."

ஏனக்காவுக்கு அன்று புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. அவன் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தார். மூன்றாவது கட்டத்தில் அவன் பெயரையும் போட்டுச் சேமித்தார். ரேடியோ எட்டிப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"அக்கா, என் பேரைப் போட்டுடாதீங்க. ஒரு முட்டு போட்டு வேலை செய்யறேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். போன மாசம்தான் ஹெல்மெட் போடலைன்னு ஒரு மெமோ வாங்கினேன்."

"பேர் இல்லாம சேமிக்காதுப்பா."

"அப்ப வேண்டாம் அக்கா. நான் சொன்னதையே மறந்துடுங்க."

ஏனக்கா யோசித்தார். தன் பெயரையே போட்டிருக்கலாம். ஆனால் சொன்னவர் கட்டத்தில் சொல்லாதவர் பெயரைப் போடுவது பொய் என்று பட்டது. அந்த விஷயத்தில் அவர் ரொம்பக் கண்டிப்பு. வாக்கியத்தை நீக்கினார். பெயரை நீக்கினார். 'அனுபவம்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார். கட்டம் பச்சையாயிற்று. ரேடியோ பெருமூச்சு விட்டு, செய்தித்தாளை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனான். ஒரு மனிதனை வம்பிலிருந்து காப்பாற்றிய திருப்தி அவருக்கு அன்று முழுவதும் இருந்தது.

போன வருடம் மேடையின் எடையைக் குறைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கணினிக்கே ஒரு புது வேலை கொடுத்தார்கள்: எந்த விதியைத் தளர்த்தினால் எவ்வளவு எடை குறையும் என்று அதுவே தேடிப் பார்க்கும். கணக்கு என்றும் தரநிலை என்றும் எழுதியிருந்த விதிகளை அது தொடவில்லை. ஒருவர் பெயரோடு காரணம் எழுதியிருந்தவற்றையும் தொடவில்லை. 'அனுபவம்' என்று மொட்டையாக நின்றவற்றைத்தான் பொறுக்கி எடுத்தது. இருநூற்றுப் பன்னிரண்டு. பட்டியல் ஒப்புதலுக்காக ஏனக்காவிடம் வந்தது. இரண்டு நாள் அவகாசம்.

அவர் ஏனோதானோ என்று பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் படித்தார். முப்பத்தெட்டு விதிகளைத் தளர்த்தக் கூடாது என்று சண்டை போட்டு நிறுத்தினார். முட்டுப் போல்ட் விதி வந்தபோது திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்துநான்கு. ஏன்? யாரோ என்னவோ சொன்ன ஞாபகம் மங்கலாக இருந்தது. யார், என்ன என்பது வரவில்லை. பலம் கணக்கிடுகிற பொறியாளரைக் கேட்டார். "ரெண்டு முட்டுக்குப் பதினாறே ஜாஸ்தி அக்கா" என்றார் அவர். போல்ட் சிறுத்தால் அது நுழையும் காது சிறுக்கும், காது சிறுத்தால் தகடு சிறுக்கும், ஒரு மேடைக்கு ஏழு கிலோ குறையும். ஏனக்கா 'சரி' என்று தட்டினார். ஊரையே ஏன் என்று கேட்டு நச்சரித்தவர், தனக்குக் கிடைத்த பதிலை ஆறு வருடத்தில் தொலைத்திருந்தார்.

புது மேடைகளில் ஒன்று ஒரு கிடங்கின் மூலையில் போய் உட்கார்ந்தது. அந்தப் பக்கம் சுவர். எட்டு மாதம் கழித்து எண்ணெய்க் குழாய் கசிகிறது என்று ரேடியோவைக் கூப்பிட்டார்கள். மேடையை உயர்த்தி, ஒரு முட்டுக் கொடுத்து, பதினைந்து வருடங்களாகப் படுத்தது போலவே அடியில் படுத்தான். போல்ட் காதுக்குள்ளே இருக்கும். மேலே பெயின்ட் அடித்திருக்கும். சிறுத்துவிட்டது என்று அவனுக்குத் தெரிய வழியே இல்லை. பேசிக்கொண்டேதான் இருந்தான் என்றார் வெளியே நின்ற கிடங்குக் காவலாளி. மகனுக்கு வாங்கின ஷூ ஒரு வாரத்தில் பிய்ந்துபோன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தானாம். போல்ட் அறுந்த சத்தம் அவ்வளவு பெரிதாக இல்லையாம்.

செய்தி வந்த அன்று ஏனக்காவுக்கு அழுகை வந்தது, துக்கத்தால் மட்டும். பயம் மூன்றாவது நாள்தான் வந்தது. போல்ட் என்ற சொல்லை யாரோ வராந்தாவில் சொன்னார்கள். அவர் தன் இடத்துக்குப் போய் அந்த விதியைத் திறந்தார். 'அனுபவம்' என்று இருந்தது.

கணினி எதையும் உண்மையில் அழிப்பதில்லை. ஒருமுறை சேமித்ததை நீக்கினாலும், மேலே தெரியாமல் அடியில் போட்டு வைத்திருக்கும். அதைத் திறக்கும் கடவுச்சொல் ஏனக்காவிடம் மட்டும்தான். திறந்தார். ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி. பதினொன்று இருபதுக்கு எழுதியது, பதினொன்று முப்பத்தொன்றுக்கு நீக்கியது. இடையில் பதினோரு நிமிடம் உயிரோடு இருந்த வாக்கியம்: "இரண்டாவது பக்கம் பெரும்பாலும் சுவர். அடியில் வேலை செய்பவர்கள் ஒரு முட்டுதான் கொடுப்பார்கள். அந்த ஒன்றே முழு எடையையும் தாங்க வேண்டும்." பக்கத்தில் சொன்னவர் பெயர். படித்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது. செய்தித்தாள்கூட.

அதன்பிறகு அவர் யார் நாற்காலிக்குப் பின்னாலும் போய் நிற்கவில்லை. வரைவாளர்கள் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். ஆனால் அவர்களே அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

மேனேஜர் அறிக்கை தயாரித்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை. கையேட்டில் இரண்டு முட்டு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இறந்தவர் ஒன்றுதான் போட்டார். ஆகவே இறந்தவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம். அவ்வளவு சுத்தமாகக் கை கழுவியாகிவிட்டது. விசாரணை அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அதுவே கடைசிச் சொல்.

ரேடியோவின் மனைவி அவனுடைய கருவிப்பெட்டியை வாங்கிக்கொண்டு போக வந்தாள். வராந்தாவில் ஏனக்காவைப் பார்த்து நின்றாள். "உங்களைப் பத்தி நிறையச் சொல்லுவாரு அக்கா. நீங்க ஒருத்தர்தான் அவர் பேசறதைக் காது குடுத்துக் கேப்பீங்களாம்."

ஏனக்கா அவள் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"ரெண்டு போட்டிருக்கலாம்ல அக்கா?" அவள் செத்தவனைத் திட்ட ஆரம்பித்தாள். "ஒரு இரும்பு. எடுத்து நிறுத்த எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு சோம்பேறித்தனம். எங்களை நினைக்கவே இல்லை பாருங்க. பையன் கேக்கறான், அப்பா ஏன் ஒண்ணுதான் போட்டாங்கன்னு. ஸ்கூல்ல பசங்க சொல்றாங்களாம், உங்கப்பா தப்புனாலதான் செத்தாருன்னு. நான் என்ன பதில் சொல்றது?"

பதில் ஏனக்காவிடம் இருந்தது. சொல்லவில்லை. பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்து வாசல்வரை தூக்கிக்கொண்டு போனார். கனமான பெட்டி. அன்று முழுவதும் தன்னையே வெறுத்தார்.

மாலையில் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னார். அவர் மேசையோரம் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும், "ஏன் அழிச்ச?" என்றார். அந்த வீட்டில் அவர் அந்தச் சொல்லை உபயோகிப்பது அபூர்வம்.

"அவனுக்கு மெமோ வரும்னு."

"இப்ப சொன்னா உன்னைத்தான் பிடிப்பாங்க. நீக்கினது நீ. சரின்னு தட்டினதும் நீ."

"ஆமா."

"வேலை போகும். கேஸ்கூட வரலாம்."

"வரும்."

"சொல்லாம விட்டா?"

ஏனக்கா குழாயை மூடினார். ஏற்கனவே துலக்கிய தட்டை மறுபடியும் துலக்கத் தொடங்கினார். கணவர் எழுந்து வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கி, துடைத்து, அடுக்கினார்.

விசாரணை அதிகாரி முற்பகலில் வந்தார். வயதானவர், மூச்சு வாங்கியது. மேனேஜர் அவரை நேராக ஏனக்காவின் மேசைக்கு அழைத்து வந்து, தானே நாற்காலி இழுத்துப் போட்டார். அதிகாரி வருவதற்கு முன்பே ஏனக்காவின் காதருகே, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அனுபவம்னு இருக்கு, அவ்வளவுதான். பாவம், உங்களையும் சேர்த்து நான்தான் பாத்துக்கணும்" என்று சொல்லியிருந்தார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார்.

அதிகாரி அறிக்கையைப் புரட்டினார். "பழைய மேடைல போல்ட் பெருசா இருந்திருக்கு. இதுல சின்னது. ஏன் பெருசா வெச்சிருந்தாங்கன்னு ஏதாவது பதிவு இருக்கா?"

"காட்டுங்க" என்றார் மேனேஜர். ஏனக்கா விதியைத் திறந்தார். மேனேஜர் குனிந்து சுட்டிக்காட்டினார். "பாருங்க சார், அனுபவம்னுதான் இருக்கு. அந்தக் காலத்து ஆளுங்க எல்லாத்தையும் கொஞ்சம் தடியா வெச்சுடுவாங்க. கணக்குப்படி ரெண்டு முட்டுக்குப் பதினாறு தாராளம். கணக்குத்தாள் இணைச்சிருக்கு."

"ஒரு முட்டு போடுவாங்கன்னு உங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை?"

"எப்படி சார் தெரியும்? கையேட்டுல ரெண்டுன்னு போட்டிருக்கே. படிக்காம போனா நாம என்ன பண்றது?"

அதிகாரி தலையசைத்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போனார். இறந்தவரின் கவனக்குறைவு என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக்கான இடம் இருந்தது. சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

ஏனக்கா விசைப்பலகையில் கடவுச்சொல்லைத் தட்டினார். இரண்டு தடவை தப்பாயிற்று. மூன்றாவது தடவை பழைய பதிவு திறந்தது.

"என்ன பண்றீங்க?" என்றார் மேனேஜர்.

ஏனக்கா திரையை இரண்டு கைகளாலும் பிடித்து அதிகாரியின் பக்கம் திருப்பினார். ரேடியோ சொன்ன வாக்கியத்துக்கு நேர்கீழே, நீக்கியவர் என்று இருந்த இடத்தில், தன் பெயரின்மேல் விரலை வைத்தார். அதிகாரி படித்து முடித்து நிமிர்ந்து பார்த்த பிறகும் விரலை எடுக்கவில்லை.